மீதி அரை வசனம்

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸுக்கு நிற்கும் சனத்துக்கு மர்ளியா டீச்சரைத் தெரியும். கொண்டக்டர்மாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஒருமுறை கைப்பிள்ளையோடு ஒருத்தி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வர, முன் சீட்டில் வாட்டசாட்டமான ஒருவர் நித்திரைபோல நடித்துக்கொண்டிருந்தார். "டிரைவர், பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க. இந்த மனிசனுக்கு மூச்சில்ல!" என்று மர்ளியா சத்தம் போட்டதும், அவர் துள்ளி எழும்பியதும், அந்த ரோட்டில் நெடுநாள் ஓடிய கதை.

கோபம் அவளுக்குப் பரம்பரைச் சொத்து அல்ல. குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் போட்ட வாப்பா பரம சாது. விலை விழுந்த வருடத்திலும் சாக்கின் மேல் உட்கார்ந்து வந்தவர்களோடு சிரித்துக் கதைத்தவர். உம்மா அதைவிடச் சாது. இந்த இருவருக்கும் இப்படி ஒரு பிள்ளை எப்படி வந்தது என்று ஊரே கேட்டது. கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு மட்டும் ஒன்று விளங்கும்: அவள் எல்லாவற்றுக்கும் கோபப்படுவதில்லை. பாதி சொல்லி நிறுத்துகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குத் தலைக்கு ஏறும். "வாறன்" என்று சொல்லி என்றைக்கு என்று சொல்லாத மேசன். "பிள்ளை கெட்டிக்காரி, ஆனா..." என்று இழுத்து விடும் அதிபர். மீதியைக் கறந்தெடுக்காமல் அவள் விடமாட்டாள்.

தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் அவள் விஞ்ஞானம் படிப்பித்தாள். புருஷன் ரஸாக் லொறி ஓட்டினான்; உப்பு ஏற்றிக் கொழும்புக்குப் போவான். யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் குடிசை போட்டிருந்த சனத்தில் பலர் மன்னார்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களோடு உப்பளங்களின் கைகளும் போயின. பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை. அதனால் ஹாசிம் ஹாஜியார் தன் அளத்துக்குக் கரண்டில் ஓடும் பம்ப் ஒன்றை இறக்கினார். இந்தக் கதை அந்தப் பம்பினால் வந்தது.

கதை தொடங்கிய அன்று மர்ளியா வகுப்பில் அயன் பிணைப்பு நடத்திக்கொண்டிருந்தாள். உப்பளத்திலிருந்து எடுத்து வந்த கல்லுப்பு ஒரு பேசின் நிறைய மேசையில் இருந்தது.

"சோடியம் குடுக்கும், குளோரின் வாங்கும். அதான் அயன் பிணைப்பு டீச்சர்," என்றாள் ஷானிகா.

"குடுக்கிறதும் வாங்கிறதும் சீதனம். பிணைப்பு எங்க?"

வகுப்பு சிரித்தது. மர்ளியா சிரிக்கவில்லை.

"சோடியத்திட கடைசி மட்டத்தில ஒரே ஒரு இலத்திரன். அது போயிட்டா சோடியத்துக்கு ஆறுதல். குளோரினுக்கு ஒண்டு குறையுது. கிடைச்சா அதுக்கும் ஆறுதல். சரி, கை மாறிட்டு. பிறகு? சோடியத்திட வயித்துக்குள்ள புரோத்தன் பதினொண்டு, சுத்தி இலத்திரன் பத்து. என்ன ஆச்சு?"

"நேர் அயன்."

"குளோரினுக்குப் புரோத்தன் பதினேழு, இலத்திரன் பதினெட்டு. அது மறை அயன். இப்பதான் ஒண்டை ஒண்டு இழுக்குது. இலத்திரனைக் குடுத்தது பிணைப்பு இல்ல. குடுத்த பிறகு வாற இழுவைதான் பிணைப்பு. பாதியில நிப்பாட்டாதீங்க!"

அவள் ஓர் உப்புக்கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்று ஜோடி கட்டி வைத்ததல்ல இது, என்றாள். ஒரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரைட்டு, ஒரு குளோரைட்டைச் சுற்றி ஆறு சோடியம். மேலே, கீழே, முன்னே, பின்னே, இரு பக்கமும். இதற்குள் யாருக்கு யார் சொந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. எல்லாரையும் எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் இதைச் சாலகம் என்கிறது.

அந்தப் பிடியின் பலத்தைக் காட்ட, கரண்டியில் உப்பை வைத்து அடுப்புச் சுவாலையில் பிடித்தாள். பக்கத்துக் கரண்டியில் சீனி உருகிக் கருகி நாறியது. உப்பு கொஞ்சம் வெடித்துத் தெறித்ததோடு சரி, அப்படியே கிடந்தது. அதை உருக்க எண்ணூறு பாகைக்கு மேல் வேண்டும். "அவ்வளவு பலம் எண்டா ஏன் உடையுது?" என்று கேட்டுவிட்டு, கல்லைச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். அது மாவாகவில்லை. வெட்டி வைத்ததுபோல் தட்டையான முகங்களோடு பிளந்தது. அடி விழும்போது ஒரு வரிசை நழுவுகிறது, நேர் அயனை நேர் அயனும் மறை அயனை மறை அயனும் முகம் பார்க்கின்றன, உடனே தள்ளிவிடுகின்றன. இழுத்துப் பிடித்த அதே விசைதான் தள்ளியும் விடுகிறது.

கடைசியாகப் பற்றரி, வயர், சின்ன பல்ப். காய்ந்த உப்புக்குள் இரண்டு வயரையும் குத்தினாள். பல்ப் எரியவில்லை. "கரண்ட் போக ஏதாவது ஓடவேணும். இங்க அயன் எல்லாம் கட்டுண்டு கிடக்கு." பிறகு போத்தல் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் அயன்களைப் பிரித்து இழுத்து நடமாட விட்டது. பல்ப் மங்கலாக, துடித்துத் துடித்து எரிந்தது.

"நிஷாந்தினிட அம்மா மாதிரித் துடிக்குது!" என்றது பின் வாங்கிலிருந்து ஒரு குரல்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நிஷாந்தினியின் இடம் காலியாக இருந்ததை மர்ளியா அப்போதுதான் கவனித்தாள்.

"சிரிச்ச ஆக்கள் எழும்புங்க."

ஏறக்குறைய எல்லாரும் எழும்பினார்கள். ஷானிகாதான் வாய் திறந்தாள்.

"அவட அம்மாவுக்கு வலிப்பு டீச்சர். ஹாஜியார்ட அளத்தில விழுந்து துடிச்சாவாம். இனி வேலைக்கு வரவேணாம் எண்டுட்டாங்க. நிஷாந்தினியை எல்லாரும் வலிப்புக்காரிட மகள் எண்டு பகிடி பண்றாங்க. அதான் வாறல்ல."

"எல்லாரும் எண்டா?"

ஷானிகா நிலத்தைப் பார்த்தாள். மணி அடிக்கும்வரை மர்ளியா வகுப்பை அப்படியே நிற்க வைத்தாள்.

பின்னேரம் நிஷாந்தினியின் தாய் எமிலியாவின் வீட்டுக்குப் போனாள். களப்போரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கும் சிறு குடியிருப்பு. எமிலியாவின் புருஷன் கடலுக்குப் போகிறவன். அவள் பல வருடமாக அளத்தில் உப்பு வாரி வரம்பில் குவிக்கிறவள். வலது கையில் கட்டுப் போட்டு, மாதா படத்துக்குக் கீழே கதிரையில் இருந்தாள். நிஷாந்தினி டீச்சரைக் கண்டதும் குசினிக்குள் ஓடி ஒளிந்தாள்.

"வலிப்பு எப்ப இருந்து எமிலியா?" என்று மர்ளியா கேட்டாள்.

எமிலியாவின் முகம் மாறியது.

"நீங்களும் அப்பிடித்தான் கேக்கிறீங்களா டீச்சர்? வந்த வழியே போங்க. பிளேன்ட்டி குடிச்சிட்டுப் போங்க எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்ல."

மர்ளியாவுக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. கோபப்படுவது அவளுடைய தொழில். அடுத்தவர் கோபம் அவள்மேல் விழுவது புதிது. அவள் போகவில்லை. கீழே பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

"சரி, நான் பிழையாக் கேட்டுட்டன். என்ன நடந்த?"

"வரம்பில ஏற குழாயைப் பிடிச்சன். பம்புக் குழாய், இரும்பு. கால் தண்ணிக்குள்ள. நான் குழாயைப் பிடிக்கேல்ல டீச்சர், குழாய்தான் என்னைப் பிடிச்சது. விடேல்ல. பிறகு தூக்கி எறிஞ்சிது. கண் முழிச்சா ஆஸ்பத்திரி. கொண்டுபோன ஆக்கள் வலிப்பு எண்டு சொல்லித்தான் சேர்த்திருக்கிறாங்க. கை எரிஞ்சது என்ன எண்டா, விழேக்க உரசினதாம்." அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள். "இனி எந்த அளத்திலயும் என்னை எடுக்கமாட்டாங்க. ஹாஜியார்ட சொல்லு பாத்திக்குப் பாத்தி போயிட்டு. நாளைக்கு இவளைப் பெண் கேட்டு வாறவன் முதல்ல வலிப்பு எண்டதைத்தானே கேப்பான்?"

"குழாயில வயர் இருந்ததா?"

"வயரைக் குழாயோட சேத்துத்தான் கட்டியிருக்கு. நடுவில ஒரு மூட்டு. டேப் சுத்தியிருக்கு. முதல் நாள் பின்னேரம் பாத்தன், அது நல்லாப் பூத்திருந்திச்சு. அதான் நம்பிப் பிடிச்சன்."

பூத்திருந்தது என்பது அளத்துப் பேச்சு. எந்தச் சாமானிலும் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்தால் பூத்துவிட்டது என்பார்கள். சட்டை பூக்கும், கயிறு பூக்கும், கால் பூக்கும். பூத்தால் காய்ந்துவிட்டது, காய்ந்துவிட்டால் பயமில்லை. அளத்தில் எல்லாரும் கண்ணால் பார்த்து எடுக்கும் முடிவு அது.

"விழுந்த அண்டைக்கும் பூத்திருந்ததா?"

எமிலியா யோசித்தாள். "இல்ல. விடியக் காலம. குழாய் பளபளவெண்டு இருந்திச்சு, கழுவி வச்ச மாதிரி. பூ இல்ல."

மர்ளியா எழும்பிவிட்டாள். பூ எங்கும் போகவில்லை. களப்பிலிருந்து வரும் விடியற்காலை ஈரக்காற்றை அந்த உப்பு குடித்திருக்கிறது. அதிலும் அளத்து அழுக்கு உப்பில் மக்னீசியம் சேர்ந்திருக்கும். அது ஈரத்தை இன்னும் பேராசையோடு இழுக்கும். குடித்துக் குடித்துத் தானே கரைந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப் படலமாக டேப்பின் வெடிப்புக்குள் இறங்கியிருக்கிறது. கழுவி வைத்ததுபோல் தெரிந்தது உப்புக் கரைசல். காலையில் அவள் வகுப்பில் போத்தல் தண்ணீர் ஊற்றிச் செய்ததை அங்கே காற்றே செய்திருக்கிறது.

"பிளேன்ட்டி போடுங்க," என்றாள். "குடிச்சிட்டுத்தான் போவன்."

மறுநாள் சனிக்கிழமை. உச்சி வெயிலில் அளத்துக்குப் போனாள். ஹாசிம் ஹாஜியார் அன்பாகத்தான் வரவேற்றார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சாரம், மெல்லிய குரல். பம்பைக் கவனிக்கும், வயரிங் வேலை செய்யும் றிஸ்கானும் நின்றான். அவனுக்கும் அவள்தான் விஞ்ஞானம் படிப்பித்தாள்.

"மகள், உங்களுக்குச் சந்தேகம் எண்டா பாருங்க. மறைக்க ஒண்டும் இல்ல," என்றார் ஹாஜியார். "றிஸ்கான், காட்டு."

குழாய் மரக்கட்டைகளின் மேல் பாத்திக்குக் குறுக்கே கிடந்தது. மூட்டில் உப்பு வெள்ளை வெளேரென்று, பஞ்சு ஒட்டியதுபோல் பூத்திருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. றிஸ்கான் டெஸ்டரைக் குழாயில் வைத்தான். லயிற் எரியவில்லை. மூட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். எரியவில்லை.

"காஞ்சு பூத்துக் கிடக்கு டீச்சர். உப்பு கரண்டைக் கடத்தாது. நீங்கதானே படிப்பிச்சது?"

"மீதியைச் சொல்லு."

"என்ன மீதி?"

"வசனம் முடியல்ல றிஸ்கான். திண்ம நிலையில கடத்தாது. பிறகு?"

அவன் ஹாஜியாரைப் பார்த்துச் சிரித்தான். "சோதனை எழுதி எவ்வளவு காலம் டீச்சர். இப்ப புள்ளியா போடப் போறீங்க?"

ஹாஜியாரும் சிரித்தார். மர்ளியாவின் காதுமடல் சுட்டது. அவளுக்கு நினைவு இருந்தது: இவன் அந்தக் கேள்விக்குப் பாதிதான் எழுதினான். பாதிப் புள்ளி கிடைத்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இப்போது இந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறான்.

பம்பின் சுவிட்ச் பலகையில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை தெரிந்தது.

"இதில என்ன இருந்த?"

"ட்ரிப் சுவிட்ச். பழுது. கழட்டிட்டன்."

"எப்பிடிப் பழுது?"

"சும்மா சும்மா விழுது டீச்சர். காலம போட்டா விழும். திருப்பிப் போட்டா திருப்பி விழும்."

"பகல்ல?"

"பகல்ல ஒரு நாளும் விழல்ல. அதான் சொல்றன், சுவிட்ச்தான் பழுது."

"வேலை நிக்குது மகள்," என்றார் ஹாஜியார். "நான்தான் கழட்டச் சொன்ன."

கரண்ட் ஒழுகினால் தானே விழுந்து பம்பை நிறுத்தும் சுவிட்ச் அது. கரண்ட் ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று ஒவ்வொரு விடியற்காலையும் கத்தியிருக்கிறது அந்தச் சுவிட்ச். கத்தியதைக் கழட்டி எறிந்துவிட்டு, அடிபட்டவளுக்கு நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"சுவிட்சுக்கும் வலிப்பு எண்டு சொல்லுங்களன்!" என்றாள்.

ஹாஜியார் முகம் கோணவில்லை. "கோபப்படாதீங்க மகள். நோய் அல்லாஹ் தாறது. அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல. அந்தப் பொம்பிளைக்கு மருந்துக்கு ஏதும் தேவை எண்டா நான் இரிக்கிறன்."

அந்த இரக்கம்தான் அவளை எரித்தது. ஏசியிருந்தால் திருப்பி ஏசலாம். இது வாயில் சீனி போட்டு மூடுவது.

"நாளைக்கு விடியக் காலம வாறன். அப்ப டெஸ்டரை வைக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் ரஸாக் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தான். செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"ஹாஜியார்ட உப்புத்தான் நம்மட லொறியில ஏறுது. தெரியும்தானே?"

"தெரியும்."

"நான் போகவேணாம் எண்டு சொல்லல்ல."

"மீதியையும் சொல்லுங்க."

ரஸாக் பெருமூச்சு விட்டான். "போக வேணாம் எண்டாலும் போவீங்க. போனா ரப்பர் சிலிப்பர் போட்டுப் போங்க. தண்ணிக்குள்ள மட்டும் காலை வச்சிராதீங்க. அவ்வளவுதான். கறியை இஞ்சால தள்ளுங்க."

ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வரத் தொடங்கும் நேரம். பாத்திகளுக்கு மேலே காற்று பிசுபிசுத்தது. பெண்கள் வரம்பில் கூடைகளோடு நின்றார்கள். எமிலியாவும் வந்திருந்தாள், கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஒதுங்கி. விடியற்காலைச் சுபஹு தொழுகை முடித்து ஹாஜியார் வான் வண்டியில் வந்து இறங்கினார்.

மர்ளியா நேரே குழாயிடம் போய்க் குனிந்து பார்த்தாள். நேற்றைய பஞ்சு இல்லை. மூட்டு, டேப், அதைச் சுற்றிய இரும்பு எல்லாம் எண்ணெய் பூசியதுபோல் மின்னின.

"பூ எங்க போச்சு?" என்று பெண்களைக் கேட்டாள்.

"காலமையில இருக்காதுதானே டீச்சர்," என்றாள் ஒருத்தி. "வெயில் ஏற வரும்."

"இல்லாமப் போறல்ல. கரைஞ்சு கிடக்கு. யாரும் இறங்காதீங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஹாஜியாரின் மெல்லிய குரல் முதல்முறை கொஞ்சம் உயர்ந்தது. "டீச்சர்ட பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அங்கால. இது அளம். றிஸ்கான், பம்பைப் போடு."

பம்ப் உறுமியது.

"டெஸ்டரை வை," என்றாள் மர்ளியா.

றிஸ்கான் வரம்பின் காய்ந்த பக்கம் நின்றுகொண்டு, முதுகைக் காட்டிக் குனிந்து, டெஸ்டரைக் குழாயில் வைத்தான். அவன் தோள் ஒருமுறை அசைந்தது. நிமிர்ந்து அதைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"ஒண்டும் இல்ல."

"திரும்பி நிண்டு காட்டு."

"ஒண்டும் இல்ல எண்டுதானே சொல்றன் டீச்சர்!"

"கேட்டீங்கதானே?" என்றார் ஹாஜியார். "வேலை வேணும் எண்ட ஆக்கள் இறங்குங்க. வேணாம் எண்டா வீட்டுக்குப் போகலாம். வேற ஆக்கள் இரிக்கிறாங்க."

முன்னால் நின்ற ஒருத்தி கூடையை இடுப்பில் வைத்துக் காலைத் தூக்கினாள். மர்ளியா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய குரல் அளத்தின் அந்தக் கரைவரை போனது.

"நோய் எமிலியாட உடம்பில எண்டா, குழாயில ஒண்டும் இல்லத்தானே ஹாஜியார்? அப்ப நீங்க இறங்குங்க. வெறுங் காலோட நிண்டு அந்தக் குழாயைப் பிடிங்க. பிடிச்சுக் காட்டுங்க, நான் இந்தச் சனத்துக்கு முன்னால எமிலியாவுக்கு வலிப்புத்தான் எண்டு சொல்லிட்டுப் போறன்."

ஹாஜியார் அவளையே பார்த்தார். ஒரு பொம்பிளை, அதுவும் லொறிக்கார ரஸாக்கின் மனைவி, தன் அளத்தில் தன் ஆட்களுக்கு முன்னால். அவர் செருப்பைக் கழட்டினார். சாரத்தை மடித்துக் கட்டினார். பாத்திக்குள் இறங்கினார். தண்ணீர் கரண்டைக்கால்வரை வந்தது. குழாயை நோக்கி நடந்தார். அவர் உண்மையாகவே நம்புகிறார் என்பது அந்த நடையில் தெரிந்தது. றிஸ்கான் சொன்னதை நம்புகிறார்.

இவ்வளவு தூரம் போவார் என்று மர்ளியா எதிர்பார்க்கவில்லை. அவருடைய கை குழாயை நோக்கி நீண்டது. அவள் கத்த வாயைத் திறந்தாள்.

"ஹாஜி! தொடாதீங்க! தொடாதீங்க ஹாஜி!"

கத்தியது அவள் இல்லை. றிஸ்கான். கத்திக்கொண்டே ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே அடித்தான். பம்ப் நின்றது.

ஹாஜியார் கையை நீட்டியபடி, தண்ணீருக்குள், அசையாமல் நின்றார்.

வரம்பிலிருந்து எமிலியாவின் குரல் வந்தது, மிகவும் பணிவாக.

"ஏன் தம்பி? ஹாஜியாருக்கும் வலிப்போ?"

முதலில் ஒருத்திதான் மூக்கால் சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு வரம்பு முழுவதும் கூடைகள் குலுங்கச் சிரித்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள். மர்ளியா சிரிக்கவில்லை. மெயின் சுவிட்ச் கீழேதான் இருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தாள்.

ஹாஜியார் வெளியே ஏறி வந்தார். "டெஸ்டர்ல லயிற் வந்ததாடா?"

றிஸ்கான் தலையாட்டினான்.

"பகல்ல வரல்லையே?"

"இப்ப நனைஞ்சிருக்கு ஹாஜி."

"நனைஞ்சா?"

றிஸ்கானின் கண் டீச்சர் பக்கம் போனது. அவள் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"கடத்தும்," என்றான்.

ஹாஜியார் செருப்பைத் தேடிப் போட்டார். "சரி, கரண்டுதான். மூட்டை மாத்து. சுவிட்சைத் திருப்பிப் பூட்டு. ஆக்கள் வேலையைப் பாருங்க."

"யார்ட்ட சொல்றீங்க?" என்றாள் மர்ளியா. "குழாய்க்கா? அவட்ட சொல்லுங்க."

அவர் எமிலியாவின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "கரண்டுதான் எமிலியா. நாளைக்கே வேலைக்கு வாங்க."

"எனக்கு அது முதலே தெரியும் ஹாஜியார்," என்றாள் எமிலியா. "எனக்குச் சொல்ல வேணாம். வலிப்பு எண்டு எங்கெங்க சொன்னீங்களோ அங்கங்க போய்ச் சொல்லுங்க. நான் பிறகு வாறன்."

அவள் கூடை இல்லாமல் வந்தவள், கூடை இல்லாமலே திரும்பிப் போனாள்.

ஹாஜியார் எங்கேயும் போய்ச் சொல்லவில்லை. "டீச்சர் ஒரு யோசனை சொன்னா, வயரை மாத்தினோம்," என்று கடையில் கதைத்ததாக ரஸாக் வந்து சொன்னான். அவனுடைய லொறிக்கு அந்த அளத்து உப்பு அதற்குப் பிறகு ஏறவில்லை. அவன் முணுமுணுத்தான், வேறு அளம் பார்த்துக்கொண்டான். ஆனால் வரம்பில் நின்ற பெண்கள் சும்மா இருக்கவில்லை. சந்தைக்குப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள், கல்யாண வீட்டுக்குப் போனார்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் பஸ்ஸில் யாராவது பயந்து பின்வாங்கினால், "ஏன், உங்களுக்கும் வலிப்போ?" என்று கேட்பது ஒரு பகிடி ஆகிவிட்டது. வலிப்பு என்ற சொல் எமிலியாவை விட்டுப் போய் ஹாஜியாரின் முதுகில் ஏறிக்கொண்டது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வரும்போது பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு, அவர் ஆள் அனுப்பாமல் தானே போய் எமிலியாவை வேலைக்குக் கூப்பிட்டார். குடியிருப்பே வாசலில் நின்று கேட்டது. அவள் போனாள்.

எமிலியாவின் வலது கையில் சின்ன விரல் மடங்குவதில்லை. உப்பு வாரும்போது அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

நிஷாந்தினி பள்ளிக்கூடம் திரும்பினாள். அவள் உள்ளே வந்த அன்று வகுப்பில் ஒரு பகிடியும் எழவில்லை. மர்ளியா டீச்சர் கதவடியில் நின்றாள். பின் வாங்குக் குரல்காரனைத் தனியே கூப்பிட்டு என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் அவன் நிஷாந்தினியின் மேசைக்கு முன்னால் வந்து நின்று, அவள் தலை நிமிரும்வரை போகாமல் நின்றான்.

தவணைச் சோதனையில் அந்தக் கேள்வி வந்தது: அயன் சேர்வைகளின் மின்கடத்துகை பற்றிக் கூறுக. இரண்டு புள்ளி. திண்ம நிலையில் கடத்தாது என்று மட்டும் எழுதிய எல்லாருக்கும் மர்ளியா சைபர் போட்டாள். புள்ளித் திட்டத்தின்படி ஒரு புள்ளி கொடுக்க வேண்டும் என்று அதிபர் கூப்பிட்டுச் சொன்னார். பெற்றார் இருவர் வந்து சத்தம் போட்டார்கள்.

ஷானிகா தாளை நீட்டிக்கொண்டு அழாக்குறையாக நின்றாள். "பாதி சரிதானே டீச்சர்?"

"பாதி சரி எண்டு ஒண்டு இல்ல," என்றாள் மர்ளியா. "சந்தேகம் எண்டா எமிலியாட சின்ன விரலைப் போய்ப் பாத்திட்டு வாங்க. பாத்த பிறகு புள்ளி கேளுங்க."

ஷானிகா உண்மையாகவே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து புள்ளி கேட்கவில்லை.